காணிப் பேப்பரும் சமஷ்டியும்



கடந்த பாடசாலை விடுமுறையில் கிளிநொச்சிக்குப் போயிருந்தேன். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் பக்கம் நம் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு, உடுத்த துணியோடு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். எழுபதுகளின் பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் தோட்டத்தை விட்டு வந்தவர்களும் உண்டு. ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் கூட்டம் வைத்தோம். அரசியலமைப்பு, அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். கரும்பலகையில் எழுதுவதைப்போல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா கையை உயர்த்தினார்.

"ஏன் டீச்சர், சமஷ்டி சமஷ்டின்னு நான் கொமரியா இருந்தப்பலேர்ந்து சொல்றாங்க. அது வந்தா என் மகளுக்குக் காணிப் பேப்பர் கெடைக்குமா?"

அவர் 1977 கலவரத்துக்குப் பிறகு பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். காட்டை வெட்டி, கிணறு தோண்டி, தென்னை வைத்தவர். 2009 இல் எல்லோரையும்போல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போய்த் திரும்பியபோது வீடும் இல்லை, பெட்டியில் வைத்திருந்த கடுதாசிகளும் இல்லை. இன்றுவரை அந்தக் காணிக்கு பேர்மிட் இல்லை. பேர்மிட் இல்லாததால் மகளுக்கு வீட்டுத்திட்டம் இல்லை, வங்கிக் கடனும் இல்லை. அவருக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்த மாதத் தலையங்கத்தை அந்த அம்மாவின் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் அரசியலமைப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டத்தைச் செய்கிறவரை, நம்மை ஆளுகிறவரைக் கட்டுப்படுத்துவது அரசியலமைப்பு. தோட்டத்தில் துரை நினைத்தபடி பேர் போடுவதற்கும், ஒப்பந்தத்தில் எழுதியபடி பேர் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். எழுத்தில் இருந்தால், "துரை, இதைச் செய்ய உங்களுக்கு உரிமையில்லை" என்று சொல்லலாம். எழுத்தில் இல்லாவிட்டால் கெஞ்சத்தான் வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கினார். நவம்பர் 9 ஆம் திகதி பாராளுமன்றத்தையே கலைத்தார். டிசம்பர் 13 ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, நாலரை வருடம் முடியுமுன் பாராளுமன்றத்தைத் தன் விருப்பப்படி கலைக்க ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தார்கள். நாட்டின் முதல் ஆளையும் ஒரு எழுத்து தடுத்து நிறுத்தியது. அரசியலமைப்பு ஆட்சி என்பது அதுதான்.

ஆனால் அந்த எழுத்து நம்மைக் காப்பாற்றாமல் போன கதையும் ஒன்று உண்டு. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பில் 29 ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. வேறு இனத்தாருக்கு இல்லாத பாதகம் எதையும் ஒரு இனத்தார்மீது பாராளுமன்றம் சட்டமாகச் சுமத்த முடியாது என்று அது சொன்னது. 1947 தேர்தலில் நம் மக்கள் வாக்குப் போட்டு, இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்பதை, அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தார்கள் என்பதை நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கே இருந்தது? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் நம் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அதற்குப் பிறகு ஒரு தொகுதியில் நின்று வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான், அதுவும் 1977 இல், நுவரெலியா - மஸ்கெலியாவில். ஒரு தலைமுறைக் காலம்.

29 ஆவது பிரிவு எங்கே போனது என்று நீங்கள் கேட்பீர்கள். அப்போதே ஒருவர் கேட்டார். ருவன்வெல்லத் தொகுதியில் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன்பிள்ளை என்பவர் வழக்குப் பேசினார். இந்தச் சட்டங்கள் 29 ஆவது பிரிவை மீறுகின்றன என்பதே அவருடைய வாதம். விசாரித்த அதிகாரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான உரிமை, சட்டத்தில் ஒரு இனத்தின் பெயரும் சொல்லப்படவில்லை என்று 1953 இல் பிரிவி கவுன்சிலும் கையை விரித்தது. 1972 அரசியலமைப்பில் அந்த 29 ஆவது பிரிவே இல்லாமற் போயிற்று.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று. பாதுகாப்பு என்று ஒரு வரி எழுதியிருந்தால் மட்டும் போதாது. எல்லா அதிகாரமும் ஒரே சபையில், அந்தச் சபையில் ஒரு பக்கமே எப்போதும் பெரும்பான்மை என்றிருந்தால், அந்த வரியைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடிப்பார்கள். ஆகவேதான் அதிகாரத்தையே ஒரு கையில் விடாமல் பிரித்து வைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. அதுதான் சமஷ்டி.

சமஷ்டி யாழ்ப்பாணத்து அரசியல், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நம் தோட்டங்களில் சிலர் நினைக்கிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பிரஜாவுரிமைப் பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்தார். தோட்டத் தொழிலாளிக்கு இன்று நடப்பது நாளை மொழியில் நமக்கும் நடக்கும் என்று வாதிட்ட எஸ்.ஜே.வி. செல்வநாயகம் வெளியேறி, 1949 டிசம்பர் 18 ஆம் திகதி மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சமஷ்டிக் கோரிக்கையின் வேர் நம் லயத்துக்குள்ளும் இருக்கிறது.

தமிழர் மட்டும் கேட்டதும் அல்ல. 1926 இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சமஷ்டிதான் இலங்கைக்குப் பொருத்தம் என்று யாழ்ப்பாணத்தில் பேசினார். 1927 இல் வந்த டொனமூர் ஆணைக்குழுவிடம் கண்டிய தேசிய சபை, நாட்டை மூன்று சுயாட்சிப் பிரதேசங்களாக்கிச் சமஷ்டி கொடுங்கள் என்று கேட்டது. கரையோரச் சிங்களவரிடம் தாங்கள் அமிழ்ந்துபோவோம் என்ற பயம் அவர்களுக்கு. கூடவே, தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது ஒற்றையாட்சி, அதிகாரப் பகிர்வு, சமஷ்டி என்ற மூன்று சொற்களையும் தோட்டத்துக் கணக்கில் பிரித்துப் பார்ப்போம்.

துரை தன் வேலையில் கொஞ்சத்தைக் கங்காணியிடம் கொடுக்கிறார். மலையில் கங்காணி சொல்வதுதான் சட்டம்போலத் தெரியும். ஆனால் நாளைக் காலைப் பெரட்டில் துரை அந்த அதிகாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கங்காணி கேள்வி கேட்க முடியாது. ஒற்றையாட்சிக்குள் தரப்படும் அதிகாரப் பகிர்வு இந்த மாதிரி. கொடுத்த கையே எடுக்கும்.

கூட்டு ஒப்பந்தம் வேறு. அதில் கம்பனியும் கையெழுத்து, சங்கமும் கையெழுத்து. நடைமுறையில் இருக்கும்வரை ஒரு பக்கம் மட்டும் திருத்த முடியாது. சமஷ்டி இந்த மாதிரி. எந்த விடயம் மத்திக்கு, எந்த விடயம் மாநிலத்துக்கு என்று அரசியலமைப்பிலேயே எழுதி, இரு பக்கமும் சம்மதிக்காமல் மாற்ற முடியாதபடி பூட்டி, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிமன்றத்தையும் வைப்பது. அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, கனடா எல்லாம் இப்படி நடக்கின்றன. 2021 இல் 1,000 ரூபா நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகியதை நாம் மறக்கவில்லை. ஆகவே பூட்டு அதைவிடப் பலமாக இருக்க வேண்டும் என்பதும் நமக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நம் நாட்டில் இருப்பது எது? 1978 அரசியலமைப்பின் 2 ஆவது உறுப்புரை இலங்கை ஒற்றையாட்சி அரசு என்கிறது. அதை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும். இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு 1987 நவம்பரில் 13 ஆவது திருத்தம் வந்து, மாகாண சபைகள் உருவாகின. மாகாணத்துக்கு ஒரு நிரல், மத்திக்கு ஒதுக்கிய ஒரு நிரல், இருவருக்கும் பொதுவாக ஒரு நிரல் என்று அதிகாரங்கள் மூன்றாக எழுதப்பட்டன. நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலை மாகாணத்துக்குக் கீழ் வருகிறது. நகரத்துத் தேசிய பாடசாலை கொழும்பு அமைச்சுக்குக் கீழ். ஆனால் ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாகாண சபைகள் மறுத்தாலும், மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் பாராளுமன்றம் அந்த அதிகாரங்களை மாற்றலாம். கங்காணிக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூட, ஒப்பந்தத்தைவிடக் குறைவு.

அதுவும் இன்று பெயரளவில்தான். 2019 முதல் ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலாவது மக்கள் தெரிவு செய்த சபை இல்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்தது. எல்லை நிர்ணயம் முடியவில்லை என்று சொல்லித் தேர்தலைத் தள்ளி வைத்தார்கள். ஆளுநர்கள் நடத்துகிறார்கள். கங்காணியும் இல்லாத மலை மாதிரி.

இனிக் காணிக்கு வருவோம். 13 ஆவது திருத்தத்தில் காணி மாகாண நிரலில் இருக்கிறது. ஆனால் அரச காணி குடியரசின் உடைமை என்றும், தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு அதில் எல்லா மாகாணங்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்றும் பின்னிணைப்பில் எழுதியிருக்கிறது. 1987 இல் எழுதியது. அந்த ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை.

இதைத் தீர்த்து வைத்த வழக்கு எங்கேயிருந்து போனது தெரியுமா? வன்னியிலிருந்து அல்ல, ராகலையிலிருந்து. ஸ்டாஃபோர்ட் தோட்டத்தில் ஒருவரைக் காணியை விட்டு எழும்பச் சொல்லி, அரச காணி என்று நோட்டீஸ் கொடுத்தார் தோட்ட அத்தியட்சகர். அவர் கண்டி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் உண்டா என்ற கேள்வி உயர் நீதிமன்றம்வரை ஏறியது. இல்லை, அரச காணி மத்தியின் விடயம், மத்தி விட்டுக்கொடுத்த காணியில் மட்டுமே மாகாணத்துக்கு அதிகாரம் என்று 2013 செப்டெம்பர் 26 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்புதான், செப்டெம்பர் 21 ஆம் திகதி, வட மாகாண மக்கள் முதன்முதலாகத் தங்கள் சபைக்கு வாக்குப் போட்டிருந்தார்கள். ராகலைத் தோட்டத்தில் எழுந்த ஒரு தகராறு, கிளிநொச்சிக் காணியின் தலையெழுத்தையும் சேர்த்து எழுதியது. மலையகமும் வன்னியும் வேறு வேறு கதை என்று இனி யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

தூரத்து மேசையில் இருந்து காணியைத் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பதைப் போன வருடங்களில் மறுபடியும் பார்த்தோம். 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானியில், முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்பட வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், கோராவிட்டால் அரச காணியாகலாம் என்று அறிவித்தார்கள். இடம்பெயர்ந்து, கடுதாசி தொலைத்து, உறவினர் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிற மக்களுக்கு மூன்று மாதம். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அது நிறுத்தப்பட்டது.

அப்படியானால் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் "ஆம்" தானே, சமஷ்டி வந்தால் காணிப் பேப்பர் கிடைக்கும்தானே என்று கேட்கலாம். தோழர்களே, அப்படிச் சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவளாவேன்.

அதிகாரம் பக்கத்தில் வந்தால் அது தானாக நம் கைக்கு வந்துவிடாது. 1987 இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. கிராமத்து வாசலுக்கே வந்த ஆட்சி அது. நாமும் அதற்கு வாக்குப் போட்டோம். ஆனால் அந்தச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு காரணமாகத் தோட்டத்து லயத்துக்கு ஒரு பாதை போட்டுத்தரவும் சபைக்கு வழியில்லாமல் இருந்தது. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். 31 வருடம். கண்டியர் கேட்ட சமஷ்டியிலும் நம்மை வெளியே நிறுத்தும் எண்ணம் கலந்திருந்தது என்று முன்பு சொன்னேன். வன்னியிலும் கேட்டுப் பாருங்கள். ஒரே மொழி, ஒரே கோயில், ஒரே பங்கர். ஆனாலும் கல்யாணப் பேச்சிலும் காணிக் கச்சேரியிலும் "அவங்கள் தோட்டக்காட்டார்" என்ற வார்த்தை இன்னும் முழுதாகச் சாகவில்லை. வன்னிக் குளங்களுக்குக் கீழே நல்ல வயலும் நீரும் யாருக்கு, காட்டோரத்து மேட்டுக் காணி யாருக்கு என்று பார்த்தாலே புரியும்.

வந்தவர்களுக்குக் கை கொடுத்தவர்களும் அதே மண்ணில் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் டாக்டர் எஸ். இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் இயக்கம் வவுனியாப் பக்கம் நம் மக்களைக் குடியேற்றியது. 1983 இல் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்த நன்றி நமக்கு உண்டு. நன்றி வேறு, உரிமை வேறு. நல்லவர் ஒருவரின் தயவில் கிடைக்கும் காணி அவர் போனதும் போய்விடும். எழுத்தில் கிடைப்பதுதான் நிற்கும்.

ஆகவே அந்த அம்மாவுக்கு என் பதில் இது: சமஷ்டி கதவைத் திறக்கும். அந்தக் கதவு வழியாக உள்ளே போக நம் பெயரும் அந்த எழுத்தில் இருக்க வேண்டும். அரசியலமைப்புப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் சங்கம் நான்கு விடயங்களை முன்வைக்க வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

ஒன்று, மாகாண சபைத் தேர்தல்களை உடனே நடத்த வேண்டும். இருப்பதையே பூட்டி வைத்துக்கொண்டு புதியதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

இரண்டு, தேசிய காணி ஆணைக்குழுவை அமைக்க வேண்டும். மலையகத்துத் தோட்டக் காணியிலும் வன்னியின் குடியேற்றக் காணியிலும் இருக்கிற நம் மக்களுக்கு அதில் இடம் வேண்டும்.

மூன்று, எந்த மாகாணமாக இருந்தாலும், எந்த மாநிலமாக இருந்தாலும், அதற்குள் சிறுபான்மையாக இருப்பவர்களின் காணி, கல்வி, வாக்கு ஆகிய உரிமைகளைச் சபையின் பெரும்பான்மையால் தொட முடியாதபடி எழுத வேண்டும். 29 ஆவது பிரிவுக்கு நடந்தது திரும்ப நடக்காதபடி, நீதிமன்றம் தட்டிக்கழிக்க முடியாத தெளிவான வார்த்தையில் எழுத வேண்டும்.

நான்கு, நாம் ஒரே நிலப்பரப்பில் இல்லை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை, வன்னி என்று சிதறியிருக்கிறோம். நிலத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் நாம் எல்லா இடத்திலும் சின்னக் கூட்டமாகவே இருப்போம். பெல்ஜியத்தில் நிலப் பிரதேசங்கள் மூன்றோடு, மொழிச் சமூகங்கள் மூன்றுக்கும் தனிச் சபை அதிகாரம் உண்டு. கல்வியும் கலாசாரமும் அந்தச் சமூகங்களின் கையில். எங்கே இருந்தாலும் மலையக மக்களுக்கு ஒரு சமூக சபை என்ற யோசனையை நாமே வரைந்து, நாமே மேசையில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் பேசினால் பிரிவினைவாதி என்று பிடிப்பார்களோ என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். பயப்பட வேண்டாம். சமஷ்டி கேட்பது தனி நாடு கேட்பது ஆகாது என்று 2017 ஓகஸ்ட் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தமிழரசுக் கட்சிக்கு எதிராகப் போடப்பட்ட வழக்கில் வந்த தீர்ப்பு அது.

பெரிய எழுத்து மாறும்வரை சும்மா இருக்கவும் கூடாது. அந்த அம்மாவின் முற்றத்திலேயே ஒரு வேலையைத் தொடங்கினோம். காணியில் எத்தனை வருடமாக இருக்கிறோம் என்பதைக் காட்டும் எந்தத் துண்டுக் கடுதாசியும் சேர்த்து வைக்க வேண்டும். பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பதிவு, கிளினிக் கொப்பி, வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்சார பில், முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு எதுவும் குப்பையல்ல. இரண்டு அயலவரின் சத்தியக் கடுதாசியோடு சேர்த்துக் கோவையாக்கி, பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். 1948 இல் ஒரு கடுதாசி இல்லை என்பதற்காகத்தான் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கினார்கள். பேரப்பிள்ளைகள் அதே காரணத்தால் காணியற்றவர்களாகக் கூடாது.

அடுத்த மாதமும் கிளிநொச்சிக்குப் போகிறேன். அந்த முற்றத்தில் இப்போது பதினொரு கோவைகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, கேள்வி கேட்ட அந்த அம்மாவினுடையது. வவுனியா, முல்லைத்தீவுக் கிளைத் தோழர்களும் இதே வேலையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோழமையுடன்,
ஆசிரியர்